அத்தியாயம் 7: எடை குறையும் மாதங்களில் என்ன உடுத்துவது?

பத்துப் பதினைந்து கிலோ குறைந்த ஒருவர் பாறசாலை சந்தைக்குள் நுழைந்தால், எதிரே வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மக்களே, வாடிப் போயிருக்க? சொகமில்லியா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி சர்க்கரை கூடிவிட்டதா என்று. மாதக்கணக்கில் நடந்தும், சோற்றைக் குறைத்தும், மருத்துவர் சொன்னபடி கேட்டும் உடம்பைக் குறைத்தவருக்கு இது மனதை அறுக்கும். கேட்பவர் மேல் குற்றமில்லை. தோளிலிருந்து சரிந்து தொங்கும் சட்டையையும், கழுத்துப் பக்கம் வாய் பிளந்து நிற்கும் ஜாக்கெட்டையும், மூட்டையாக மடித்துச் செருகிய பேண்டையும் பார்க்கிற யாருக்கும் நோய்தான் நினைவுக்கு வரும். அதே உடம்பில் அளவான உடுப்பு இருந்தால் கேள்வி மாறிவிடும்.

"முழுசாகக் குறையட்டும், அதன் பிறகு புதுத்துணி எடுத்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்காதீர்கள். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லவிருப்பதில் முக்கியமானது இதுதான். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு முதல் ஆறு மாதங்களில் எடை வேகமாக இறங்கும், பிறகு மெதுவாகும், ஓரிடத்தில் வந்து நிற்க ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகலாம். நடையாலும் சாப்பாட்டாலும் குறைப்பவர்களுக்கு வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ என்பதே பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் வேகம். இருபது கிலோ குறைக்க வேண்டியவருக்கு அதுவே பல மாதங்கள். அத்தனை காலமும் நீங்கள் வேலைக்குப் போக வேண்டும், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போக வேண்டும், கல்யாண வீட்டில் நிற்க வேண்டும். அந்த மாதங்களுக்கும் உடுப்பு வேண்டும். அதைக் குறைந்த செலவில் செய்ய வழி இருக்கிறது. கேரள-தமிழக எல்லைப்புற ஊர்க்காரர்களுக்கு அது மற்றவர்களைவிடச் சுலபமும்கூட.

இந்தத் தேவை சிலருடையது மட்டும் என்று எண்ண வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுக் கணக்கின்படி கேரளத்தில் பெண்களில் 38.1 சதவீதமும் ஆண்களில் 36.4 சதவீதமும் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். நம் தாலுகாவுக்கு இதில் தனிக் கதையே உண்டு. சர்க்கரை நோயை வருமுன் தடுக்க முடியுமா என்று பார்க்கும் பெரிய ஆய்வு ஒன்று நெய்யாற்றின்கரை தாலுகாவின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், 1,007 பேரை வைத்து நடந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து நடத்தியது. அக்கம்பக்கத்தாரிலிருந்தே ஒருவரைத் தலைவராக்கி, குழுவாகக் கூடி, நடக்கவும் காய்கறி பயிரிடவும் உணவைத் திருத்தவும் பழக்கினார்கள். 2018-இல் வெளியான முடிவு அடக்கமானது: புதிதாகச் சர்க்கரை நோய் வருவது உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை, ஆனால் பழமும் காய்கறியும் உண்பது கூடியது, குடி குறைந்தது, உடம்பு இயங்கும் திறன் மேம்பட்டது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது, நம் ஊர்களில் பக்கத்து வீட்டார் துணையோடு உடம்பைப் பேணுவது நடக்கக்கூடிய காரியம் என்பது காட்டப்பட்டிருப்பதுதான். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்தபின் மருந்தால் எடை குறைப்பவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். எந்த வழி என்பது உங்களுக்கும் மருத்துவருக்கும் இடையிலான விஷயம். அலமாரிக்கு எல்லா வழியும் ஒன்றுதான்.

டேப்பைக் கையில் எடுங்கள்

தராசைவிட உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது தையற்காரரின் இஞ்சு டேப். நெய்யாற்றின்கரை ஆய்வில் ஆட்களைத் தேர்ந்தெடுத்த மதிப்பெண் முறையிலும் இடுப்புச் சுற்றளவு ஒரு முக்கியக் கேள்வி. இந்தியர்களுக்குச் சொல்லப்படும் வரம்பு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ.; அதாவது ஏறக்குறைய முப்பத்தொன்றரை இஞ்சும் முப்பத்தைந்தரை இஞ்சும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் கேட்கும் இடுப்பு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே அளப்பது. தையற்காரர் கேட்கும் இடுப்பு, நீங்கள் பேண்ட் கட்டும் இடம். தொப்பைக்குக் கீழே பேண்ட் போடும் ஆண்கள் 38 அளவில் வாங்கிக்கொண்டு, தங்கள் இடுப்பு 38 என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். நடு வயிற்றில் அளந்தால் 43 இருக்கும். எடை குறையும்போது முதலில் இறங்குவது பெரும்பாலும் அந்த நடுவயிறு. ஆகவே இரண்டு மாதம் பேண்ட் அளவு மாறாமலே இருந்து, பிறகு ஒரேயடியாக இரண்டு இஞ்சு தளர்ந்ததுபோல் தோன்றலாம். மனம் தளர வேண்டாம்.

ஒரு பழைய நோட்டில் மாதம் ஒருமுறை ஐந்து அளவுகளைக் குறித்து வையுங்கள்: தோள், மார்பு, நடுவயிறு, இடுப்பின் அகன்ற பகுதி, கையின் மேற்பகுதி. இவற்றில் தோள் அதிகம் மாறாது. மற்ற நான்கும் மாறும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்தால் பாதிச் செலவு மிச்சம்: ரெடிமேட் வாங்கும்போது வயிற்றுக்குப் பொருந்துவதை எடுக்காமல் தோளுக்குப் பொருந்துவதை எடுங்கள். வயிறு கொஞ்சம் பிடித்தாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். தோள் தொங்கினால் ஒருபோதும் சரியாகாது.

வீட்டில் நைட்டியே கதி என்று இருப்பவர்களுக்கும், இலாஸ்டிக் வைத்த பேண்டே போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் வசதி உண்டு, ஆனால் உடம்பு குறைவதும் தெரியாது, திரும்பக் கூடுவதும் தெரியாது. அளவெடுத்துத் தைத்த ஒரு உடுப்பை வாரம் ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள்.

அளவே இல்லாத உடுப்பு பக்கத்தில் இருக்கிறது

பாலராமபுரம் நம்மிடமிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். திருவிதாங்கூர் அரசர் பாலராமவர்மா காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தளவாய் உம்மிணித் தம்பியின் முயற்சியால் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் நெசவாளர் குடும்பங்கள் வந்து குடியேறிய ஊர் அது. குழித்தறியில் நெய்யும் அந்த நுண்ணிய பருத்தித் துணிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதன் பெருமையை ஊரே பேசும். எடை குறைப்பவருக்கு அதில் உள்ள நன்மையை யாரும் சொல்வதில்லை: முண்டுக்கும் நேரியதற்கும் அளவு கிடையாது. தொண்ணூறு கிலோவில் கட்டிய அதே செட் முண்டை அறுபத்தைந்து கிலோவிலும் கட்டலாம். பருமனாக இருந்தபோது ஒரு சுற்றோடு நின்று, நடக்கும்போது விலகிவிடுமோ என்று பயந்த முண்டு, இப்போது நன்றாக மேலேறிச் சுற்றும்.

ஆகவே இந்தக் காலத்தில் நல்ல துணிக்குச் செலவழிக்க மனமிருந்தால் அதைத் தைக்காத துணியில் போடுங்கள். சேலை, செட் முண்டு, ஆண்களுக்கு வேட்டி, வீட்டுக்குச் சாரம். சேலையில் கொசுவம் இரண்டு மூன்று கூடும், அவ்வளவுதான். கொசுவம் கூடி முன்பக்கம் தடித்துத் தெரிந்தால் முந்தானையை இன்னும் ஒரு சாண் நீளமாக விடுங்கள். உள்பாவாடையைக் கவனிக்க வேண்டும். நாடாவை இறுக்கினால் போதும் என்று நினைப்போம். பழைய பாவாடையின் துணி முழுவதும் இடுப்பில் சுருங்கிக் குவிந்து, மெலிந்த இடுப்பையும் பருத்துக் காட்டும். இரண்டு புதுப் பாவாடை வாங்குவது, ஒரு புதுச் சேலை வாங்குவதைவிட உங்கள் தோற்றத்தை அதிகம் மாற்றும்.

ஒட்டும் வேட்டி ஆண்களுக்கு ஓரளவு வரை உதவும். ஒட்டுப் பட்டையின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் குறைக்க முடியும். அதற்குமேல் பட்டை பட்டையோடு சேராது. சாதாரண வேட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஜாக்கெட்

தைத்த துணியில் தொல்லை மிகுந்தது ஜாக்கெட். ஆனால் அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது, அதற்கு இந்த மண்ணின் காரணம் ஒன்று இருக்கிறது. மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் அடியும் அவமானமும் பட்ட பகுதி இது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவர்களான பெண்களுக்குக் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணிய அனுமதி கிடைத்தும் கலகம் ஓயவில்லை. 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் அரசர் உத்திரம் திருநாள் வெளியிட்ட அறிவிப்புதான் நாடார் பெண்கள் எல்லோருக்கும் மேலாடையை அனுமதித்தது, அதுவும் மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் கூடாது என்ற நிபந்தனையோடு. அப்படிப் போராடிப் பெற்ற உடுப்பு நம் உடம்பில் சரியாக உட்கார வேண்டும் என்று நினைப்பது வீண் ஆடம்பரம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சேலைக்குச் சேலை ஜாக்கெட் தைப்பதை இந்தக் காலத்தில் நிறுத்திவையுங்கள். புதுச் சேலையோடு வரும் ஜாக்கெட் துணியை வெட்டி, மடித்து, சேலையின் பெயரைத் தாளில் எழுதிக் குத்தி வையுங்கள். உடுப்பதற்குப் பொதுவான நிறத்தில் மூன்று ஜாக்கெட் போதும்: கறுப்பு, அரக்கு, கசவுக்குப் பொருந்தும் சந்தன நிறம். இந்த மூன்றும் பெரும்பாலான சேலைகளுக்குச் சேரும். நீளும் துணியில் ரெடிமேடாகக் கிடைப்பது ஒன்று வாங்கிக்கொண்டால் இரண்டு அளவு குறையும்வரை தாங்கும்.

தைக்கக் கொடுக்கும்போது தையற்காரரிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். "அக்கா, எடை குறைஞ்சிட்டு வருது, பிடிச்சுத் தைக்க வசதியா வேணும்" என்று சொன்னால், அவரே கைவேலையை மாற்றிக்கொள்வார். கேட்க வேண்டியவை இவை. லைனிங் வேண்டாம், லைனிங் வைத்ததைப் பிரித்துக் குறைக்க இரட்டை வேலை, இரட்டைக் கூலி. பிரின்சஸ் கட் வேண்டாம். சாதாரண டாட் போதும். முன்பக்கக் கொக்கிக்கு எதிரே வளையம் ஒரு வரிசைக்குப் பதில் இரண்டு வரிசை, முக்கால் இஞ்சு இடைவெளியில். கழுத்தை அகலமாக வெட்ட வேண்டாம். உடம்பு குறைந்தால் அகலக் கழுத்து தோளிலிருந்து நழுவும், அதைத் திருத்த வழியே இல்லை. பக்கவாட்டில் குறைக்கும்போது மிஞ்சும் துணியை வெட்டாமல் உள்ளேயே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். எடை இரண்டு மூன்று கிலோ ஏறி இறங்குவது எல்லோருக்கும் நேரும்.

பிடித்துத் தைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பக்கத்துக்கு ஒரு இஞ்சு வரை தாராளமாகப் பிடிக்கலாம். அதைத் தாண்டினால் கைக்குழி கீழே இறங்கி, கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுவதும் மேலே வரும். கை சேரும் தையல் தோள் எலும்பைவிட்டு ஒரு இஞ்சுக்கு மேல் கீழே இறங்கிவிட்டால் அந்த உடுப்புக்கு இனிக் கூலி கொடுக்காதீர்கள். இந்த ஒரே சோதனை சுரிதாருக்கும் ஆண்கள் சட்டைக்கும் பொருந்தும்.

சுரிதார் டாப்பில் அளவுக்கு அளவு பொதுவாக இரண்டு இஞ்சு வித்தியாசம் இருக்கும். எக்ஸ்எல் 42 என்றால் எல் 40. ஓர் அளவு இறங்கும்வரை பிடித்துத் தைத்து ஓட்டலாம், இரண்டாவது இறங்கும்போது புதிது. பின்னால் முடிச்சுக் கயிறு வைத்த டாப் கொஞ்சம் கூடுதலாக ஓடும்.

ஆண்களுக்கு

பேண்டைப் பின் நடுத்தையலில் பிடிப்பார்கள். இரண்டு இஞ்சு, மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் போனால் பின் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி அசிங்கமாகிவிடும். வேலைக்கு இரண்டு பேண்ட், மூன்று சட்டை என்று வைத்துக்கொண்டு, ஓர் அளவு முழுவதாக இறங்கியபின் அடுத்ததற்குப் போவதே கணக்கு. யூனிஃபார்ம் வேலையில் இருப்பவர்கள் பழையதைப் பிரித்துத் தைக்கும்போது, வருடத் துணி கிடைக்கும் நேரத்தை மனதில் வைத்து, அந்தப் புதுத்துணியை எடை நிற்கும்வரை தைக்காமல் வைக்க முடிந்தால் நல்லது. பெல்ட்டில் புதுத் துளை மூன்றுக்கு மேல் போடாதீர்கள். துளையே இல்லாமல் நழுவி இறுகும் நாடா பெல்ட் இந்தக் காலத்துக்கு ஏற்றது.

வெளியே தெரியாதவை

உள்ளாடையில்தான் முதல் ரூபாயைச் செலவழிக்க வேண்டும். மிச்சம் பிடிக்கிறோம் என்று தளர்ந்த உள்ளாடையோடு காலம் தள்ளினால் மேலே போடும் எந்த உடுப்பும் பொருந்தாது. பெண்களுக்கு அடிப்பட்டையும் தளரும். கடைசிக் கொக்கியில் போட்டும் பட்டை முதுகில் மேலேறினால் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. ஒரேயடியாக ஆறு வாங்காதீர்கள், மூன்று போதும். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி மாற வேண்டியிருக்கும்.

அதிகம் குறைந்தவர்களுக்கு அடிவயிற்றிலும் கைக்கு அடியிலும் தொடையிலும் தோல் மடிந்து தொங்கும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் நம் ஊரில் துணி காயாது, தோலும் காயாது. அந்த மடிப்புக்குள் ஈரம் தங்கிச் சிவந்து அரிக்கும், படை வரும். பருத்தி உள்ளாடை, குளித்தபின் மடிப்பைத் தூக்கித் துவர்த்தால் ஒற்றித் துடைப்பது, முழுவதும் காயாத உள்ளாடையை ஒருபோதும் போடாமலிருப்பது: இவை அழகுக்காகச் சொல்வதில்லை, நோய் வராமலிருக்கச் சொல்வது. அரிப்பு நீடித்தால் மருந்துக்கடைக் களிம்பு வாங்கித் தடவாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நடக்கும்போது தொடை உரசினால் சேலைக்கும் சுரிதாருக்கும் அடியில் முட்டுவரை வரும் பருத்தி அரைக்கால்சட்டை போடலாம்.

பலரும் மறப்பது மோதிரம். விரல் மெலிந்து, கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போதும் மீன் கழுவும்போதும் நழுவிப் போனால் போனதுதான். எடை குறையும் மாதங்களில் கல்யாண மோதிரத்துக்கு உள்பக்கம் நூல் சுற்றிப் போடுங்கள், அல்லது சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போடுங்கள். எடை நின்றபின் தட்டாரிடம் கொடுத்துச் சிறிதாக்கலாம். கொடுக்கும் முன்னும் வாங்கிய பின்னும் உங்கள் கண்முன்னே நிறுக்கச் சொல்லி, வெட்டிய துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வளையலுக்கும் கைக்கடிகாரத்துக்கும் அதே கவனம் வேண்டும்.

ஓணம், கிறிஸ்துமஸ், கல்யாணம்

எல்லையின் இரண்டு பக்கமும் பண்டிகை கொண்டாடுகிற நமக்குத் தையற்கடைக் கூட்டம் வருடத்தில் பல தடவை. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரு மாதம் முன்பே துணி வாங்குவதை நிறுத்திவிடும் கடைகள் பாறசாலையிலும் உண்டு, களியக்காவிளையிலும் உண்டு. சீக்கிரம் கொடுத்தால் அளவு பழையதாகிவிடும், தாமதித்தால் வாங்க மாட்டார்கள். இதற்கு வழி, தேதியை முன்னே பிடித்து அளவைப் பின்னே கொடுப்பது. துணியையும் முன்பணத்தையும் கொடுத்துவிட்டு, "வெட்டுவதற்கு முந்தின நாள் சொல்லுங்க, வந்து அளவு தாரேன்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது உங்கள் பழைய உடம்பின் அளவு. கல்யாண உடுப்பாக இருந்தால் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன் போட்டுப் பார்த்து, கடைசித் தையலை அப்போது போடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஓணக்கோடி எடுக்கிற பிள்ளைகளிடமும் மருமக்களிடமும் முண்டோ வேட்டியோ சேலையோ எடுக்கச் சொல்லிவிடுங்கள். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பழைய அளவை நினைத்துப் பெட்டி நிறையச் சட்டை வாங்கி வருவார்கள். கிளம்புவதற்கு முன்பே புது அளவை எழுதி அனுப்புவது அவர்களுக்கும் நல்லது.

பெரிய துணிகளை என்ன செய்வது

ஒரேயடியாகக் கொடுத்துவிடாதீர்கள், ஒன்றையும் கொடுக்காமல் அலமாரியை அடைத்துக்கொண்டும் இருக்காதீர்கள். இரண்டு அளவு பெரிதானவற்றை மட்டும் வெளியே எடுங்கள். ஓர் அளவு பெரிதானவை இருக்கட்டும். சர்ச்சில் சேகரிக்கிறார்களா, பக்கத்தில் முதியோர் இல்லம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய அளவில் நல்ல துணி கிடைப்பது அங்கே அரிது, கொடுப்பது உண்மையாகவே உதவும். துவைத்து, இஸ்திரி போட்டு, அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுங்கள். இனி யாருக்கும் ஆகாத பருத்திச் சேலைகளை மடித்துத் தைத்தால் குழந்தைக்கு விரிப்பாகும். பெரிய சட்டைத் துணியில் பேரப்பிள்ளைக்கு உடுப்பு வெட்டலாம், நம் தையற்காரர்கள் பலர் அதை மகிழ்ந்து செய்வார்கள்.

திரும்பி வரும் எடையைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். மருந்தை நிறுத்தியபின் எடை ஏறுவது பலருக்கும் நேர்கிறது. அறுவை சிகிச்சை செய்தவர்களிலும் சிலருக்குச் சில வருடங்களில் கொஞ்சம் ஏறும். அது அவமானப்பட வேண்டிய விஷயமே இல்லை. அதனால்தான் உள்ளே துணி விட்டுத் தைத்த இரண்டு நல்ல உடுப்புகளைக் கொடுக்காமல் வையுங்கள் என்கிறேன். வைக்கும்போது கஞ்சி போடாமல், நன்றாக வெயிலில் காய்ந்த நாளில், பழைய பருத்தி முண்டில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் மழைக்காலத்தில் கரிம்பன் பூஞ்சை பிடிக்கும். கசவு உள்ளதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைத்தால் இழை ஒடியாது. துலாவர்ஷ மழை முடிந்து வெயில் தெளிந்ததும் எல்லாவற்றையும் ஒருநாள் நிழலில் விரித்துக் காற்றாட வைத்துவிட்டு, அன்றைக்கே ஒருதரம் போட்டுப் பார்த்து அளவை நோட்டில் எழுதிவிடுங்கள்.